கூமுட்டைக் குடும்பத்தின் செத்துப்போன மருமகள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன், நலமாகவும் இருக்கிறேன். கடிதத்தை இப்படித் தொடங்க வேண்டிய நிலைமையை நீதான் உண்டாக்கினாய். உன் கண்வலி தேவலையா? நாள் முழுக்கப் படம் வரைந்தால் கண் வலிக்காமல் என்ன செய்யும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். இந்த வீட்டில் நான் போனை எடுத்தால் மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். ஸ்பீக்கரில் போட்டால் எனக்குப் பதிலாக உன் அக்கா பேசுகிறாள். எழுதிய காகிதத்தைத்தான் இங்கே யாரும் சீந்தமாட்டார்கள்.

உன் கார்ட்டூன் தொடரைப் பார்த்தோம். சின்னப்பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே எழுத்துப் போடுகிறார்கள். இரண்டு பகுதி பார்த்த பிறகு, பெரியவர்களும் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஆனால் விழுந்து விழுந்து சிரித்தோம், அதில் பொய் இல்லை. வேலித் தகராறில் பக்கத்துப் பண்ணைக்காரனோடு இருபது வருஷமாகப் பேசாத கிழவர். முட்டை கழுவ இயந்திரம் செய்து, ஒரு வண்டி முட்டையையும் உடைக்கிற மூத்த மகன். கோழித் தீவன அறையில் அழகு நிலையம் நடத்துகிற மகள். ஊரை விட்டு ஓட எந்நேரமும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் சின்ன மகன். தொடருக்குக் 'கூமுட்டைக் குடும்பம்' என்று பெயர் வேறு. இது யார் வீடு என்று கோழிகூடச் சொல்லிவிடும்.

மாமா, "மூக்கத்தான் கொஞ்சம் பெருசா போட்டுட்டான். மத்தபடி நான் கம்பீரமாத்தான் இருக்கேன்" என்றார். உன் அக்கா, "அது நானே இல்ல! நான் எப்பவாச்சும் இப்படிக் கத்தியிருக்கேனா?" என்று அடுத்த பண்ணைக்குக் கேட்கும்படி கத்தினாள். உன் அண்ணனுக்குச் சிரித்ததில் புரையேறி, நான்தான் தலையில் தட்டினேன்.

பிறகு நான் எங்கே என்று தேடினேன். சுவரில் இருந்தேன். மூத்த மகனின் காலமான மனைவி, போட்டோவாக. கீழே ஒரு குட்டி பல்பு எரிகிறது. அவன் எதையாவது உடைத்துவிட்டு அந்தப் போட்டோவைப் பார்த்துக் கண் கலங்குகிறான், பின்னால் வயலின் வாசிக்கிறார்கள். எனக்கு அவ்வளவு முடியும் கிடையாது, அவ்வளவு சாந்தமும் கிடையாது. இங்கே அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அது யாரு?" என்றுகூடக் கேட்கவில்லை.

எல்லாரையும் கோமாளியாக்கிவிட்டு என்னை மட்டும் எதற்குப் பிணமாக்கினாய்? ஆனது ஆகட்டும். சீக்கிரம் என்னை உயிரோடு கொண்டுவா.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

ஜனவரி 27

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். அங்கே உங்கள் முட்டிவலி, அப்பாவின் இருமல், அக்காவின் தொண்டை எல்லாம் எப்படி என்று எழுதுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. அண்ணி, உங்களை வைத்துச் சிரிப்புக் காட்ட எனக்குக் கை வரவில்லை. அம்மா முகம் எனக்கு நினைவில் இல்லை. வகுப்புச் சுவரில் அப்பாவை வரைந்து மாட்டிக்கொண்டபோது பள்ளிக்கூடம் வந்தது நீங்கள்தான். "மூக்கு சரியாத்தானே இருக்கு, எதுக்கு சார் அடிச்சீங்க?" என்று வாத்தியாரைக் கேட்டீர்கள். அப்படிப்பட்ட உங்களை எப்படி வழுக்கி விழவைப்பேன்?

எங்கள் வேலையில் அசைகிறவர்களைத் தனித்தனியாக வரைவோம். அசையாததெல்லாம் பின்னணி ஓவியம். சுவர், ஜன்னல், அலமாரி எல்லாவற்றையும் ஒரே தடவை தீட்டி வைத்துவிடுவோம். மற்றவர்களை வரைய எட்டுப் பேர் இருக்கிறார்கள். உங்கள் போட்டோவை யாரையும் தொடவிடாமல் நானே தீட்டினேன்.

பார்க்கிறவர்கள் அந்தப் போட்டோ வந்தால் அழுகிறார்கள். எங்களுக்கு மேலே ஒரு அம்மா இருக்கிறார், சேனல் அம்மா என்போம். அந்தப் போட்டோதான் இந்தத் தொடருக்கே உயிர் என்று சொல்கிறார். நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை, பெருமைப்படலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளை போன்ற தம்பி

பிப்ரவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். மாமாவின் இருமல் அப்படியே இருக்கிறது, உன் அக்காவின் தொண்டை ஊரையே காப்பாற்றுகிறது. என் முட்டிவலி எனக்குப் பழகிவிட்டது.

என் உயிரை எடுத்துவிட்டு அதுதான் தொடருக்கு உயிர் என்கிறாளா உன் சேனல் அம்மா? நல்ல நியாயம்.

போன வாரம் நம் பெரியத்தை பஸ் பிடித்து வந்தாள். வாசல் கேட்டில் கை வைத்ததும் ஆரம்பித்துவிட்டாள். "பாவி மகளே, என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" நான் கோழிகளின் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, "வாங்க பெரியத்தை" என்றேன். பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடியே, நீ போயிட்டதா டிவில போட்டாங்களே!"

"எங்க போறது? தொட்டி கழுவவே நேரம் பத்தல."

"சரி, இவ்ளோ தூரம் வந்துட்டேன். அழுதுட்டே போறேன்" என்று உட்கார்ந்து அழுதாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். என் துக்கத்துக்கு வந்தவளுக்கு நானே டீ போட வேண்டியிருக்கிறது, பார்த்தாயா.

மரியாதை என்கிறாய். தம்பி, உன் மரியாதையை மடித்துப் பெட்டியில் வை. யாரைப் பார்த்துச் சிரிக்க முடியுமோ அவர்களோடுதான் ஜனங்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். மாமாவைக் கடையில் பார்ப்பவர்கள் தோளில் தட்டி "என்ன பெருசு, வேலி எப்படி இருக்கு?" என்கிறார்கள். உன் அக்காவிடம் முடி வெட்டிக்கொள்ள அடுத்த ஊரிலிருந்து வருகிறார்கள். என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

நான் நல்லவள் என்பதுதான் உன் தொல்லையென்றால் அதற்கும் மருந்து இருக்கிறது. உன் அண்ணனின் முதல் இயந்திரத்தைக் கிணற்றில் தள்ளியது நான். 'காற்றடித்து விழுந்திருக்கும்' என்று சொன்னதும் நான். நீ செல்லம் கொடுத்து வளர்த்த சேவல், 'மேனேஜர்' என்று பெயர் வைத்தாயே, அதைக் கீரி தூக்கிப்போகவில்லை. மூன்றாவது தடவையாக என் காலைக் கொத்தியது, சமைத்துவிட்டேன். அன்றைக்கு நீ இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். சாப்பிட்டுவிட்டுத்தான் அதைத் தேடப் போனாய்.

இப்போது சொல், என்னை வழுக்கி விழவைக்கக் கை வருகிறதா?

அண்ணி

பிப்ரவரி 24

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், என்ன செய்திருந்தாலும்.

மேனேஜர் விஷயத்தை ஜீரணிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. ஜீரணிக்க என்று எழுதவே கூசுகிறது. பெரியத்தை கதையை எங்கள் எழுத்தாளர்கள் உட்காரும் அறையில் சொன்னேன். ஒருவர் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டார். "இந்த அண்ணியை எதுக்குய்யா கொன்னே?" என்று எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

சேனல் அம்மா மட்டும் அசையவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். அந்த மனைவி ஆவியாக வரலாமாம். வெள்ளை உடையில், ஒளிவட்டத்தோடு, மூத்த மகனின் கனவில் வந்து நல்ல புத்தி சொல்வாள். இனிமையான குரலுக்கு ஒரு நடிகையும் பார்த்துவிட்டார்கள். அசைவும் இருக்கும், வசனமும் இருக்கும். பாதிக் கிணறு தாண்டினாலும் லாபம் என்று நினைத்துச் சரி என்றேன். உங்களுக்கும் சம்மதம்தானே?

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

நலம்.

பாதிக் கிணறு தாண்டினால் உள்ளேதான் விழுவார்கள்.

ஆவி வேண்டாம். வெள்ளை உடுப்பு வேண்டாம். இருபது வருஷமாக அந்த வீட்டுக்கு நான் சொன்ன நல்ல புத்தியை உயிரோடு இருந்தபோதே ஒருவரும் கேட்கவில்லை, செத்த பிறகு எதற்கு?

இனி எனக்கு எழுதுவதானால் தீவனக் கடை மேல்மாடி என்று விலாசம் போடு. வீட்டு விலாசத்துக்கு எழுதாதே.

கண்ணைப் பார்த்துக்கொள்.

அண்ணி

மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன்.

தீவனக் கடை மேல்மாடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நேற்று அண்ணன் போன் செய்தார். வழக்கமாக என்னை அழைக்கவே மாட்டார். "டேய், உப்பு எந்த டப்பாலடா இருக்கும்?" என்று கேட்டார். அண்ணியைக் கேட்கக் கூடாதா என்றேன். "அவ வெளிய போயிருக்கா" என்று வைத்துவிட்டார். பின்னால் அப்பாவும் அக்காவும் சண்டை போடுவது கேட்டது, ஏதோ கருகிய சண்டை.

என்ன நடந்தது? என் தொடரால் ஏதாவதா? உடனே எழுதுங்கள்.

தம்பி

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

போன கடிதம் கிடைத்ததா? நீங்கள் பதில் போடாமல் இருந்ததே கிடையாது. வீட்டுக்குப் போன் செய்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்பா, நீங்கள் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார். அக்கா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மூன்று தடவை சொன்னாள். ஒன்றுமில்லாததை ஒரு தடவை சொன்னால் போதும்.

அண்ணனை நான் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேட்கிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நல்ல சுகம். இங்கே மாடிப்படி அதிகம், அதனால் முட்டிவலி கொஞ்சம் கூடுதல். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். எனக்காக இல்லை, அவர்களுக்காக நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஆத்திரம் மட்டும்தான் மிச்சம், அதனால் எழுத முடிகிறது.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு கல்யாணத் தரகர் வந்தார். உன் தொடரைப் பார்த்தவர். இந்தக் குடும்பம்தான் அது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முன்னறையில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்து அறையில் முட்டைகளை விளக்கில் காட்டிக் கீறல் பார்த்து அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

தரகர் உன் அண்ணனிடம் சொன்னார்: "நீங்களும் எத்தனை நாளைக்கு அந்தப் போட்டோவையே பாத்துக்கிட்டு இருப்பீங்க? பொண்ணு தையல் கடை வச்சிருக்கு. அமைதியான குணம்."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

உன் அண்ணன், "வயசு என்ன?" என்று கேட்டார்.

மாமா, "கோழின்னா பயப்படுமா?" என்றார்.

உன் அக்கா, "என்கூட ஒத்துப்போகுமா? எனக்கு எடுத்தெறிஞ்சு பேசுறவங்களக் கண்டா ஆகாது" என்றாள்.

அரை மணி நேரம் போனது தம்பி. பெண்ணின் சமையல், பெண்ணின் தம்பி, கடையை விட்டுவிட்டு வருமா, எல்லாம் பேசினார்கள். 'எனக்குப் பொண்டாட்டி இருக்கா' என்று அந்த மனுஷன் வாயிலிருந்து வரவே இல்லை. நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான் போனேன். தரகர் என்னைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். உன் அண்ணன் கூரையைப் பார்த்தார். மாமா, "டீயை வச்சுட்டுப் போம்மா" என்றார்.

"நான்தாங்க அந்தப் போட்டோ" என்றேன்.

தரகர் டீயை மடியில் கொட்டிக்கொண்டு ஓடினார். பிறகு உன் அண்ணன் சொன்ன சமாதானத்தையும் கேள். "அவ்ளோ தூரம் வந்த மனுஷன், மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது? சும்மா கேட்டேன். கேக்குறதுல என்ன தப்பு?" என் முகத்தைப் பற்றி அவருக்குக் கவலை வரவில்லை, தரகர் முகத்தைப் பற்றி வந்தது.

அழுதேன். மறைக்க மாட்டேன். ஒரு பொழுது முழுக்க அழுதுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தீவனக் கடைக்காரிக்கு ஆள் தேவைப்பட்டது. சோளம், புண்ணாக்கு, கிளிஞ்சல் தூள் எல்லாம் எடை போட்டுக் கலந்து மூட்டை கட்டும் வேலை. அதைத்தானே அங்கேயும் செய்தேன், இங்கே கூலி கொடுத்து நன்றியும் சொல்கிறார்கள். மாடியில் ஒரு அறை. கீழிருந்து தவிட்டு வாசம் வரும், ஜன்னலைத் திறந்தால் பஸ் நிற்கும் இடம் தெரியும்.

உன்னைக் கோபித்துக்கொள்வேன் என்று பயப்படாதே. இவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? உன் தொடரில்தான். நான் இல்லாமலும் அந்த வீடு ஓடுவதைப் பார்த்தேன். அடித்துக்கொள்கிறார்கள், கருக்கித் தின்கிறார்கள், ஆனால் ஒருவரும் சாகவில்லை. நான் கையை எடுத்தால் கூரை விழும் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணனை நீ ஒன்றும் கேட்க வேண்டாம். அது என் வேலை. உன் வேலை வேறு. அந்த வீட்டில் என்னை உயிரோடு இருக்கிறவளாக ஒருவரும் சொல்லவில்லை. நீ சொல். ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்.

அண்ணி

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

நலம் என்று எழுத மனசு வரவில்லை, ஆனால் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லை. நீங்கள் படியில் மூட்டை தூக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை அண்ணன் மேல் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, தரகருக்கு வழி காட்டியவன் நான். போட்டோவை மாட்டியதும் நான்தான், பல்பைப் போட்டதும் நான்தான். அண்ணன் அதை நம்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று மதியமே சேனல் அம்மா அறைக்குப் போனேன். "அந்த மனைவி உயிரோட வரணும். ஆவியா இல்ல" என்றேன்.

"செத்தவங்களத் திரும்பக் கொண்டுவர்றது மட்டமான வித்தை. ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க" என்றார்.

"அவங்க சாகவே இல்ல மேடம். வீட்டுல உள்ளவங்க மறந்துட்டு போட்டோவை மாட்டிட்டாங்க. அவங்க அடுத்த ரூம்லதான் முட்டை அடுக்கிக்கிட்டு இருக்காங்க. அதுதான் கதை."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இது எடுபடலைன்னா உன் தலைதான் உருளும்."

"உருளட்டும். எங்க வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்ட 'முடியல'ன்னு சொல்றதைவிட அது எனக்குச் சுலபம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு பகுதி எடுத்துக்கொள் என்றார்.

வந்து உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். ஒரு பாத்திரத்தை அசைக்க வேண்டுமென்றால் முதலில் அதன் முகங்களையெல்லாம் ஒரே தாளில் வரைந்து மற்ற ஓவியர்களுக்குக் கொடுக்க வேண்டும். சிரிக்கும் முகம், பயந்த முகம், கோப முகம். அண்ணி, உங்கள் கோப முகம் எனக்கு வரவில்லை. இத்தனை வருஷம் உங்கள் கையால் சாப்பிட்டேன், நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பார்த்திருப்பேன், கவனிக்கவில்லை. எப்படி இருக்கும் என்று எழுதுங்கள்.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். மூட்டையைத் தூக்குவதில்லை, உருட்டுகிறேன்.

கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோபம் வரவழைக்கத் தரகரை நினைத்துக்கொண்டேன், உடனே வந்துவிட்டது. இடது புருவம் மட்டும் மேலே போகிறது. மூக்கு விடைக்கிறது, அழகாக இல்லை. உதடு உள்ளே போய்விடுகிறது. கையில் எது இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திட்டுவேன், பொருள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கத்தமாட்டேன். குரல் இறங்கும். இறங்க இறங்க எதிரில் இருப்பவர்கள் செருப்பைத் தேடுவார்கள். முடியைப் பாதியாகக் குறை. வயிற்றை உள்ளே இழுக்காதே.

உயிரோடு வந்ததும் அவள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கூடாது. உள்ளே நடந்து வந்து, முதல் வேலையாக அந்தக் குட்டி பல்பை அணைக்கட்டும். பிறகு பேசட்டும். இனிமையான குரல் வேண்டாம், என் குரலையே எடுத்துக்கொள். போனில் பேசிப் பதிவு செய்தால் போதும் என்று ஒரு தடவை சொன்னாயே. கடைக்காரியின் போன் இருக்கிறது, இங்கே ஸ்பீக்கரில் போடச் சொல்ல ஆள் இல்லை.

மாமா தினமும் தீவனம் வாங்க வருகிறார். ஒரு கிலோ வாங்க மாடி வரை ஏறி வருவார், சரியாக நான் சாப்பிடும் நேரத்துக்கு. "வீட்ல எல்லாம் நல்லா போகுது" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை போட்டுக்கொள்கிறார். உன் அண்ணன் எதிர்ச்சாரியில் வந்து நின்று மூட்டைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். மூட்டைக்கு என்ன அழகு இருக்கிறதோ.

தைரியமாக வரை. தலை உருண்டால் இங்கே வந்துவிடு, மூட்டை கட்டக் கற்றுத் தருகிறேன்.

அண்ணி

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல், இந்தத் தடவை கொஞ்சம் பயத்தோடு.

நான்கு மாதம் இழுத்து, போன வெள்ளிக்கிழமை அந்தப் பகுதி வெளியானது. நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. தரகர் வருவது, கதவு திறந்திருப்பது, டீ, எல்லாம் அப்படியே இருக்கிறது. "நான்தாங்க அந்தப் போட்டோ" என்ற வசனம் வந்தபோது ஒலிப்பதிவு செய்தவர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். பிறகு நீங்கள் ஏழு நிமிஷம் திட்டுகிறீர்கள். ஒரு வரியையும் வெட்ட நான் விடவில்லை.

ஆனால் மறைக்க முடியாது. ஜனங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் சேனலைத் திட்டித் தீர்க்கிறார்கள். வாயாடி, ராட்சசி, புருஷனை மதிக்காதவள் என்றெல்லாம் எழுதுகிறார்கள். 'எங்கள் பழைய நல்ல மனைவியைத் திரும்பக் கொடுங்கள்' என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்குகிறார்கள். இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் கூசுகிறது.

சேனல் அம்மா கூப்பிட்டுவிட்டார். தொடர் நடக்கும், என் வேலைக்கும் ஆபத்தில்லை, ஆனால் இந்த வருஷக் கடைசிப் பகுதியில் அவள் சாக வேண்டும் என்கிறார். நோய் வந்து, மெதுவாக, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு. முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன சொல்லி என் பிடியில் நிற்பது என்று எனக்கே தெரியவில்லை. இந்த முறை உங்களைக் கேட்காமல் எதையும் எழுத மாட்டேன்.

தம்பி

செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

பரம சுகம். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

பார்த்தேனா என்று கேட்கிறாயே! தீவனக் கடைக்காரி டிவியை மாடிக்கே தூக்கி வந்துவிட்டாள். புருவம் சரியாக இருக்கிறது. மூக்கை இன்னும் கொஞ்சம் விடைக்க விட்டிருக்கலாம். எனக்கு வயிறு நோகச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது. அந்த வீட்டில் நான் நடந்து போகிறேன், எல்லாரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.

திட்டுகிறவர்களைப் பற்றி வருத்தப்படுகிறாயே. பைத்தியக்காரா! வாயாடி, ராட்சசி என்று ஆயிரம் பேர் என்னைத் திட்டுகிறார்களா? செத்தவளை யார் திட்டுவார்கள்? எல்லாவற்றையும் எழுதி அனுப்பு, ஒன்று விடாமல். நேற்றுக் கடைக்கு வந்த ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்கதான அது? புருஷன அப்படியா பேசுறது?" என்று சண்டைக்கே வந்தான். குரலைத் தாழ்த்தவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசினான். "ஆமா, நான்தான். எத்தனை கிலோ வேணும்?" என்றேன். அவனுக்கு அரைக் கிலோ கூடுதலாகப் போடலாம் போல இருந்தது, போடவில்லை.

உன் சேனல் அம்மாவிடம் இப்படிச் சொல். அவள் கட்டாயம் சாகத்தான் வேண்டுமென்றால் சாகட்டும், நான் தடுக்கவில்லை. நோயில் வேண்டாம். தூக்கத்தில் வேண்டாம். மன்னிப்புக் கேட்பது அறவே வேண்டாம். திட்டிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் போகட்டும். மீதி என்ன சொல்ல வந்தாள் என்று அந்த வீடு ஆயுசுக்கும் யோசிக்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொண்டால் கொல், இல்லாவிட்டால் அவள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறாள்.

ஆனால் இங்கே எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. உன் தொடரில் நான் பேசியது ஏழு நிமிஷம்தான். இருபது வருஷத்துச் சமாசாரம் முழுசாகப் பாக்கி இருக்கிறது.

நேற்று மாமா வந்தார். உன் அண்ணன் அந்தப் பகுதியைக் கடைவீதியில் நாலு பேரோடு நின்று பார்த்தாராம். மறுநாள் கடைவீதியில் ஒருவன், "உன் பொண்டாட்டி இப்போ எங்கய்யா?" என்று கேலியாகக் கேட்டிருக்கிறான். "உயிரோடதான் இருக்கா. என்கூட இல்ல" என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னாராம். மாமா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து பேச வேண்டுமாம் உன் அண்ணனுக்கு. எது வேண்டுமோ சொல், கொண்டுவருகிறேன் என்று மாமாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். இரண்டு காதையும் கொண்டுவந்தால் போதும் என்று நானும் சொல்லியனுப்பினேன்.

அண்ணி